சிட்ரோயன் 2சிவி: பார்த்து வாங்குவதிலிருந்து பழுது நீக்கிச் சாலையில் விடுவது வரை

சிட்ரோயனின் பழைய சிறு காரான 2சிவி ஒன்றைப் பார்க்கப் போகும் புதியவர் முதலில் பானெட்டைத் திறக்கச் சொல்கிறார். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்கிறார். அது சீராக ஓடினால் அங்கேயே முன்பணம் கொடுத்துவிடுகிறார். என் முதல் வண்டியை நானும் அப்படித்தான் வாங்கினேன். எஞ்சின் நல்ல எஞ்சின்தான். அதைத் தாங்கிய சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முதல் குளிர்காலம் முடிவதற்குள் கைவிட்டது.

அதன்பின் என் வண்டியிலும் நண்பர்களின் வண்டிகளிலும் வேலை செய்து தெரிந்துகொண்ட வரிசை இது: சேஸிஸ், பிரேக், சஸ்பென்ஷன், எரிபொருள், எஞ்சின். பழுது நீக்கும்போது இதே வரிசை, சோதிக்கும்போதும் சேஸிஸ் முதலில், எஞ்சின் கடைசியில். கீழே உள்ள குறிப்புகள் பிரான்ஸில் இன்று அதிகம் விற்பனைக்கு வரும் 602 சிசி எஞ்சின் கொண்ட 2சிவி6 வண்டிக்கானவை. 1970க்குப் பிந்திய வகை இது.

1. பார்க்கப் போகும் முன்

விற்பவரிடம் தொலைபேசியில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் வரும்வரை எஞ்சினை ஓடவிடாதீர்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். போய்ச் சேர்ந்ததும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் காத்திருங்கள்.

பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில் போங்கள். ஈரம் பட்ட பெயின்ட் எல்லாமே பளபளக்கும். டார்ச், அளவுநாடா, சிறிய காந்தம், பிடி கனமான ஸ்க்ரூடிரைவர், ஜாக்கி, வண்டியைத் தாங்கி நிறுத்தும் இரண்டு ஸ்டாண்டுகள், அகலமான மரப்பலகை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பலகை ஜாக்கிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைக்க. இந்த வண்டியின் சேஸிஸ் தகடு மெல்லியது. பலகை இல்லாமல் தூக்கினால் தகடு நசுங்கும், நீங்கள் வாங்காத வண்டிக்கும் சேதம் செய்தவர் ஆவீர்கள்.

பழைய உடைகளை அணிந்து போங்கள். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் இதை வாங்கக் கூடாது.

2. காகிதங்கள்

வண்டியைத் தொடுவதற்கு முன்பே காகிதங்களைக் கேளுங்கள். காகிதம் சரியில்லாத வண்டியைப் பார்த்து ஆசைப்பட்ட பிறகு மறுப்பது கடினம்.

பிரான்ஸில் விற்பவர் தர வேண்டியவை: பதிவுச் சான்றான கார்த் கிரீஸ், விற்பனைப் பத்திரம், வண்டியின் மீது கடனோ தடையோ இல்லை என்பதைக் காட்டும் நிர்வாக நிலைச் சான்று, தொழில்நுட்பச் சோதனை அறிக்கை. நிர்வாக நிலைச் சான்று 15 நாட்களுக்குள் பெற்றதாகவும், சோதனை அறிக்கை 6 மாதங்களுக்குள் பெற்றதாகவும் இருக்க வேண்டும். கார்த் கிரீஸின் குறுக்கே கோடிட்டு, விற்ற தேதியை எழுதி, விற்பவர் கையெழுத்திட வேண்டும். அதன்பின் உங்கள் பெயருக்கு மாற்ற ஒரு மாத அவகாசம் உண்டு.

30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டியைச் சேகரிப்பு வாகனமாகப் பதிவு செய்யலாம். அப்படிச் செய்தால் தொழில்நுட்பச் சோதனை 2 ஆண்டுகளுக்குப் பதில் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். விற்பவர் இதை ஒரு சலுகையாகச் சொல்வார். வாங்குபவர் இன்னொன்றையும் நினைக்க வேண்டும்: விற்பனைக்கான சோதனைக்கு முன் அந்த வண்டியின் அடிப்பகுதியை ஒரு சோதனையாளர் கண்ணால் பார்த்து நான்கு ஆண்டுகள்கூட ஆகியிருக்கலாம். விற்பனைக்கான புதிய அறிக்கையில் துரு பற்றிய வரிகளைத் தேடிப் படியுங்கள்.

சேஸிஸில் அச்சடித்த எண்ணும் கார்த் கிரீஸில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபட்டால் வாங்காதீர்கள். சேஸிஸை யாரோ மாற்றிவிட்டு எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் விட்டிருக்கலாம். அந்தச் சிக்கல் உங்கள் தலையில் விழும்.

3. சேஸிஸ்: இங்கே அதிக நேரம் செலவிடுங்கள்

2சிவியின் உடற்கூடு தனி, சேஸிஸ் தனி. சேஸிஸ் என்பது மேலும் கீழும் மெல்லிய தகடுகளால் மூடிய தட்டையான பெட்டி. உள்ளே நுழையும் நீர் வெளியேற வழியின்றி அங்கேயே தங்குகிறது. ஆகவே துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே ஒரு சிறு ஓட்டை தெரிந்தால் உள்ளே உள்ள தாங்குதகடுகள் எப்போதோ போய்விட்டன என்று பொருள்.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகே அடியில் போங்கள். முதலில் கீழ்த்தகட்டின் ஓரங்களைப் பாருங்கள். தகடு சமமாக இல்லாமல் வீங்கியிருந்தால் நடுவில் துரு பொருமிக்கொண்டிருக்கிறது. பிறகு ஸ்க்ரூடிரைவரின் பிடியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு அட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும். இரண்டு ஒலிகளையும் ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு மறக்காது.

புதிதாகப் பூசிய கனமான கறுப்புப் பூச்சைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். நல்ல சேஸிஸை விற்பவர் அதைக் காட்டவே விரும்புவார். பூச்சின் மீது காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது இரும்பல்ல, நிரப்புப் பசை.

அடுத்து அளவுநாடா. வண்டியைத் தரையில் இறக்கி, கொஞ்ச தூரம் உருட்டி, சமதரையில் சக்கரங்களை நேராக வைத்து நிறுத்துங்கள். முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். சுமார் 2.40 மீட்டர் இருக்கும். இரு பக்கத்துக்கும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் சக்கரத்தைத் தாங்கும் கையோ சேஸிஸோ வளைந்திருக்கலாம். உருட்டிவிட்டு அளப்பதற்குக் காரணம் உண்டு. ஜாக்கியிலிருந்து இறக்கிய வண்டி உடனே தன் இயல்பான உயரத்துக்கு வராது, உயரம் மாறினால் இந்த வண்டியில் சக்கர இடைவெளியும் மாறும். (ரெனோ 4 வாங்குவோர் இதே சோதனையைச் செய்து பதறுகிறார்கள். அந்த வண்டியில் வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட 48 மில்லிமீட்டர் நீளம். அது பிறவி அமைப்பு.)

கதவுக்கும் முன்மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலே ஓர் அளவும் கீழே வேறோர் அளவுமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி கோணலாக இருந்தால் சேஸிஸ் நடுவில் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

துத்தநாகம் பூசிய புதிய சேஸிஸ் போட்ட வண்டி கிடைத்தால், பெயின்ட் மங்கியிருந்தாலும் அதைத்தான் நான் தேர்வு செய்வேன். அதற்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

4. உடற்கூடு

காலடித் தரை, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, முன்கண்ணாடிக்குக் கீழே காற்று நுழையும் மடலின் கீல் பகுதி, சீட் பெல்ட் பொருத்திய இடங்கள், பின்பெட்டித் தரை ஆகியவற்றைப் பாருங்கள். இவற்றில் சீட் பெல்ட் இடம் மட்டும் உயிர் சம்பந்தப்பட்டது. மற்றவற்றைப் பேரம் பேசப் பயன்படுத்தலாம். மட்கார்டு, பானெட், கதவு எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை, புதிய பாகங்களும் கிடைக்கின்றன. அவற்றில் உள்ள பள்ளங்களுக்காக ஒரு நல்ல வண்டியை விடாதீர்கள்.

5. முன்சக்கரங்களும் கிங்பின்னும்

முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் அது சக்கர பேரிங்கா, சக்கரம் இடமும் வலமும் திரும்ப அச்சாக நிற்கும் கிங்பின்னா என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மற்ற வண்டிகளில் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி ஆட்டுவோம். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின். 2சிவியில் இந்த முறை ஏமாற்றிவிடும். முன்பிரேக்குகள் சக்கரத்தில் இல்லை, கியர் பெட்டியை ஒட்டி உள்ளே இருக்கின்றன. பிரேக்கை மிதித்தாலும் பேரிங் ஆட்டம் அப்படியே இருக்கும். ஆகவே ஒருவர் ஆட்ட, மற்றவர் டார்ச் வெளிச்சத்தில் கிங்பின்னின் கீழ்முனையைப் பார்க்க வேண்டும். எந்த இணைப்பில் இடைவெளி திறந்து மூடுகிறதோ அங்கேதான் தேய்மானம்.

கிங்பின் மாற்றக்கூடியதே. ஆனால் அழுத்து இயந்திரமும் துளையைச் சரியளவுக்குக் கடையும் கருவியும் தேவை. அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

6. எஞ்சினும் ஓட்டிப் பார்த்தலும்

இப்போது பானெட்டைத் திறக்கலாம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, பின்னால் நின்று புகையைப் பாருங்கள். சிறிது நேரத்தில் மறையும் புகை பரவாயில்லை. நிற்காமல் வரும் நீலப் புகை எண்ணெய் எரிவதன் அடையாளம்.

இந்த எஞ்சின் காற்றால் குளிர்கிறது. விசிறியைச் சுற்றியுள்ள தகட்டு உறைகள் காற்றை சிலிண்டர்களுக்குத் திருப்பிவிடுகின்றன. அவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சிலிண்டர் சூடேறும். எல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று இரு பக்கமும் ஒப்பிடுங்கள்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியவை நான்கு. ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடிக்கும்போது டக்டக் என்ற ஒலி வந்தால் முன் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கிறது. இரண்டாம் கியருக்கு மாறும்போது அரைத்தால் கியர் பெட்டி உட்புறம் தேய்ந்திருக்கிறது. பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. கடைசியாக, ஹீட்டரைத் திறந்து மூக்கால் சோதியுங்கள். இந்த வண்டியின் ஹீட்டர் புகைக்குழாயைச் சுற்றி வரும் காற்றைத்தான் உள்ளே அனுப்புகிறது. குழாயின் இணைப்பில் கசிவு இருந்தால் நச்சுப்புகை உள்ளே வரும். வாடை வந்தால் ஹீட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து திரும்புங்கள்.

7. வாங்கிய முதல் வாரம்

இங்கேதான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். சனிக்கிழமை வண்டி வீடு வருகிறது. அடுத்த வாரத்துக்குள் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். பிறகு பெட்டி பெட்டியாகப் பாகங்கள் வருடக்கணக்கில் கிடக்கின்றன. எது எங்கே இருந்தது என்பது மறந்துபோகிறது. ஒரு பகுதியைக் கழற்றினால் அதைச் சீராக்கி மாட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கழற்றும் முன் புகைப்படம் எடுங்கள். ஒவ்வொரு பகுதியின் போல்ட்டுகளையும் தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள்.

முதல் வாரத்தில் வண்டியைக் கழுவி, கிரீஸையும் சேற்றையும் நீக்குங்கள். கழற்ற வேண்டிய போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் விடுங்கள். நான்கைந்து நாள் ஊறிய போல்ட் சுழலும், ஊறாதது உடையும்.

ஸ்பேனர்களில் 11 மில்லிமீட்டர் கட்டாயம் வேண்டும். உடற்கூட்டைச் சேஸிஸோடு பிணைப்பவை எம்7, அதாவது 7 மில்லிமீட்டர் மரை கொண்ட போல்ட்டுகள். சாதாரணக் கடையில் எம்6, எம்8 கிடைக்கும், எம்7 கிடைப்பது அரிது. கிடைக்கவில்லை என்று துளையைப் பெரிதாக்கி எம்8 போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அந்த இடத்தில் பிடிப்பதற்குத் தகடே இருப்பதில்லை. முன்கூட்டியே எம்7 போல்ட்டுகள் ஒரு பெட்டியும், மரை சுத்தம் செய்ய எம்7 டேப்பும் (மரை வெட்டும் கருவி) வாங்கி வையுங்கள். சக்கர அச்சின் நட்டுக்கு 44 மில்லிமீட்டர் சாக்கெட்டும் நீண்ட கம்பியும் தேவைப்படும்.

8. சேஸிஸ் பழுது

கீழ்த்தகட்டில் ஒரே ஓர் இடத்தில் அரிப்பு, தட்டினால் மற்ற இடமெல்லாம் கணீரென்ற ஒலி என்றால் அந்த இடத்தை வெட்டி நல்ல தகடு வெல்டிங் செய்யலாம். நீளவாட்டில் ஓடும் பகுதி அரித்திருந்தால் ஒட்டுப்போடாதீர்கள். ஒட்டின் ஓரத்தில் உள்ள பழைய தகடு மெல்லியதாகிவிட்டது, வெல்டிங் சூட்டில் அது இழுத்துக்கொள்ளும், உள்ளே உள்ள தாங்குதகட்டுக்கு ஒட்டு எட்டவே எட்டாது. சேஸிஸ் முழுவதையும் மாற்றுவதே முடிவான வழி.

வாங்கும் முன் எண் விவகாரத்தை எழுத்து மூலம் தீர்த்துக்கொள்ளுங்கள். புதிய சேஸிஸை விற்பவரிடம், உங்கள் எண்ணை அதில் முறைப்படி அச்சடிக்க யாருக்கு அதிகாரம் என்று கேளுங்கள். நீங்களே எண்ணைப் பொறிப்பது குற்றமாகக் கருதப்படும்.

வேலை வரிசை: பேட்டரியைக் கழற்றுங்கள். பெட்ரோலை வடித்து டாங்கியை எடுங்கள். பானெட், முன்மட்கார்டுகள், பிறகு எஞ்சினும் கியர் பெட்டியும். அடுத்து ஸ்டியரிங் தண்டு, பிரேக் குழாய், வயர் இணைப்புகள். கடைசியாக உடற்கூட்டின் போல்ட்டுகள். உடற்கூட்டைத் தூக்கும் முன் கதவுத் திறப்புகளில் குறுக்குக் கம்பி கட்டுங்கள். சேஸிஸை விட்டுப் பிரிந்த கூடு வளையும், பிறகு கதவு பொருந்தாது. கிரேன் வேண்டாம். முழு வண்டியே சுமார் 585 கிலோதான். வெறும் கூட்டை நான்கைந்து பேர் தூக்கிவிடலாம்.

சஸ்பென்ஷனின் இழுகம்பிகளைத் தளர்த்தும் முன் வெளியே தெரியும் மரையின் நீளத்தை நான்கு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். திரும்ப மாட்டும்போது உயரம் ஏறத்தாழச் சரியாக அமையும்.

புதிய சேஸிஸ் வந்ததும் பொறுமை இழந்து உடனே மாட்டுவார்கள். முதலில் அதன் உட்புறத்தில் துருத்தடுப்பு மெழுகைப் பீய்ச்சுங்கள். எல்லாத் துளைகளும் திறந்திருக்கும் நேரம் இது ஒன்றுதான். கூட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வரும் பட்டைகளைப் புதிதாகப் போடுங்கள். போல்ட்டுகள் அனைத்தையும் கையால் தொடங்கிவைத்து, கதவுகள் சரியாக மூடுவதைப் பார்த்த பிறகே இறுக்குங்கள்.

9. பிரேக்: எந்தத் திரவம் என்று தெரியாமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்

1981 வரை வந்த 2சிவி6 வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். அவற்றுக்கு வழக்கமான டாட் வகைத் திரவம். 1981இல் முன்புறம் டிஸ்க் வந்தது. அந்த வண்டிகளுக்கு எல்எச்எம் என்னும் பச்சைநிறக் கனிம எண்ணெய். இரண்டின் ரப்பர் வாஷர்களும் வேறு வேறு ரப்பரால் ஆனவை. பச்சை எண்ணெய் வண்டியில் டாட் ஊற்றினால் ரப்பர் ஊதிக் கெடும். டாட் வண்டியில் பச்சை எண்ணெய் ஊற்றினாலும் அதே கதி. முதலில் மிதி கனக்கும், பிறகு பிரேக் விடாமல் பிடிக்கும், ஒருநாள் பிடிக்கவே பிடிக்காது.

என் நண்பரின் 1984 வண்டிக்கு ஒரு பணிமனையில் பழக்கத்தின் பேரில் டாட் நிரப்பிக் கொடுத்தார்கள். மாஸ்டர் சிலிண்டர், காலிபர், பின்சக்கர சிலிண்டர்கள், ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. கலந்துவிட்டால் கழுவிச் சரிசெய்ய முயலாதீர்கள். ரப்பர் உள்ள பாகம் ஒவ்வொன்றையும் மாற்றுங்கள்.

ஆண்டை மட்டும் நம்பவும் வேண்டாம், பழைய வண்டியில் யாராவது புதிய கியர் பெட்டியோடு டிஸ்க்கையும் மாட்டியிருக்கலாம். திரவத்தின் நிறத்தைப் பாருங்கள், முன்புறம் டிஸ்க்கா டிரம்மா என்று பாருங்கள், மாட்டியிருக்கும் பாகங்களில் பச்சைக் குறி உண்டா என்று பாருங்கள். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். பிறகு திரவத்தின் பெயரைத் தொட்டி மூடியில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

கை பிரேக்கும் முன்சக்கரங்களையே பிடிக்கிறது. பிடி குறைந்தால் கேபிளை முறுக்குவதற்கு முன் கியர் பெட்டியின் பக்கவாட்டு சீலைப் பாருங்கள். அங்கிருந்து கசியும் எண்ணெய் டிஸ்க்கில் படிந்து பேடுகளை நனைத்துவிடும். சீலை மாற்றாமல் பேடை மட்டும் மாற்றினால் புதியதும் நனையும்.

10. சஸ்பென்ஷனும் கிரீஸும்

முன், பின் சக்கரங்கள் பக்கவாட்டில் உள்ள உருளைகள் வழியே ஒன்றோடொன்று இணைந்தவை. கிறீச்சிட்டால் உருளைக்குள் எண்ணெய் வறண்டிருக்கிறது. இழுகம்பியின் முனைகளும் கிரீஸ் கேட்கும். கிங்பின்னுக்கு 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கிறேன். பழைய கிரீஸ் வெளியே வந்து புதியது தெரியும்வரை அடிக்க வேண்டும். கிரீஸ் வெளியே வராவிட்டால் வழி அடைத்திருக்கிறது, முனையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

11. எரிபொருள்

நெடுநாள் நின்ற வண்டியில் பழைய பெட்ரோலை வடித்து, டாங்கியின் அடி வண்டலைக் கழுவி, எல்லா ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். சூடான எஞ்சினுக்குப் பக்கத்தில் வெடித்த குழாயோடு ஓட்டுவது தீயோடு விளையாடுவது. பிறகு கார்புரேட்டரைத் திறந்து, பெட்ரோல் பாயும் நுண்துளைகளான ஜெட்டுகளைக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

12. எஞ்சின்

நின்றிருந்த வண்டியில் விசிறி உறையைத் திறந்து பாருங்கள். எலிக்கூடு இருக்கும். எண்ணெயும் தூசியும் சேர்ந்து விசிறிக்குப் பின்னுள்ள எண்ணெய்க் குளிர்விப்பானை அடைத்திருக்கும். இதை எடுக்காமல் ஓடவிட்டால் எஞ்சின் வெந்துவிடும்.

எண்ணெய் ஒழுகினால் உடனே சீல்களை வாங்காதீர்கள். எண்ணெய் ஊற்றும் குழாயில் ஒரு மூச்சு வால்வு இருக்கிறது. உள்ளே உள்ள ரப்பர் நன்றாக இருக்கும்வரை எஞ்சினின் அடிப்பெட்டிக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கும், எண்ணெய் உள்ளேயே நிற்கும். அந்த ரப்பர் கெட்டால் அழுத்தம் ஏறி, எஞ்சினின் ஒவ்வொரு இணைப்பிலிருந்தும் எண்ணெய் வழியும். எல்லா சீலையும் மாற்றிச் சலித்த ஒருவருக்கு இந்த ஒரு பாகம் ஒழுக்கை நிறுத்தியது.

டியூனிங் வரிசை மாறக் கூடாது: வால்வு இடைவெளி, பாயின்ட் (பற்றவைப்பு மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனைகள்) இடைவெளி, பற்றவைப்பு நேரம், கடைசியில் கார்புரேட்டர். ஒவ்வொன்றும் முந்தியதைச் சார்ந்தது. பலர் கார்புரேட்டர் திருகில் தொடங்கி, மற்றவற்றின் குறையை அதனால் மறைக்கப் பார்க்கிறார்கள்.

வால்வு இடைவெளி எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.20 மில்லிமீட்டர். ஒரு பக்கத்து வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது எதிர்ப்பக்கத்தின் அதே வகை வால்வைச் சரிசெய்யுங்கள். பாயின்ட் பெட்டி விசிறிக்குப் பின்னால் இருப்பதால் விசிறியைக் கழற்ற வேண்டும். இடைவெளி 0.4 மில்லிமீட்டர். பாயின்ட்டைத் திறக்கும் கேமின் இரு மேடுகளிலும் பாருங்கள். பற்றவைப்பு நேரத்துக்கு 6 மில்லிமீட்டர் கம்பி ஒன்றை எஞ்சினின் இடப்பக்கத் துளையில் செருகி, ஃபிளைவீலின் துளையில் இறங்கும்வரை எஞ்சினைக் கையால் சுழற்றுங்கள். அந்த நிலையில் பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். சோதனை விளக்கை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். கம்பியை எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.

கிராங்க் தண்டிலிருந்து தட்டும் ஒலி வந்தால் வீட்டில் பிரிக்காதீர்கள். கனெக்டிங் ராடுகளோடு சேர்த்து அழுத்திப் பொருத்திய தண்டு அது. முழுதாகத்தான் மாற்ற முடியும்.

13. மின்சாரம்

எளிமையானது. பெரும்பாலான கோளாறு எர்த் இணைப்பில் இருக்கும். பேட்டரியிலிருந்து கியர் பெட்டிக்கும் உடற்கூட்டுக்கும் போகும் கம்பிகளின் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு மற்றதைத் தேடுங்கள்.

14. முதல் ஓட்டம்

டயர் காற்று முன்புறம் 1.4 பார், பின்புறம் 1.8 பார். மற்ற வண்டிகளின் பழக்கத்தில் அதிகம் நிரப்பினால் சாலைப் பிடிப்பு குறையும். முதலில் வாகனமில்லாத இடத்தில் பிரேக்கைப் பத்து முறை சோதியுங்கள். பிறகு பத்து கிலோமீட்டர் ஓட்டி, வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு சக்கரத்தின் மூன்று நட்டுகளையும், பிரேக் இணைப்புகளையும், எண்ணெய் அளவையும் பாருங்கள்.

சஸ்பென்ஷன் உயரத்தை 100 கிலோமீட்டர் ஓடிய பிறகுதான் சரிசெய்ய வேண்டும். அதற்குள் எல்லாம் தன் இடத்தில் அமர்ந்திருக்கும். முன்னும் பின்னும் இணைந்திருப்பதால் ஒன்றைத் திருகினால் மற்றதும் நகரும். ஒருமுறை அரைச்சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். திருகியதும் வண்டியைச் சிறிது உருட்டி, மறுபடி அளந்து, அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.